முன்கூட்டிக் கொடுத்த பணத்துக்கு யார் பொறுப்பு?



நுகர்வோர் உரிமை என்றதும் கலப்படமும் எடைக்குறைவும் மருத்துவமனை பில்லும்தான் சட்டென்று நினைவுக்கு வரும். நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைவிடச் சிறியதாகத் தோன்றலாம். பணத்தை முன்கூட்டியே போட்டு வைத்து, தீரத் தீர மறுபடி நிரப்பிப் பயன்படுத்துகிறோமே, அந்த ப்ரீபெய்டு கார்டுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மெட்ரோ வாசலில் தட்டும் கார்டு, கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக், போனுக்குள் இருக்கும் வாலட், அலுவலகம் மாதந்தோறும் பணம் ஏற்றிக் கொடுக்கும் சாப்பாட்டுக் கார்டு, வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் ஃபாரெக்ஸ் கார்டு எல்லாம் இந்த ஒரே குடும்பம்தான். இந்த அரங்கில் இருப்பவர்களில் இவற்றில் ஒன்றுகூட இல்லாதவர் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள்.

இவை எல்லாவற்றிலும் பொருளை வாங்குவதற்கு முன்பே பணம் நம் கையை விட்டுப் போய்விடுகிறது. கிரெடிட் கார்டில் வங்கி நம்மை நம்பிக் கடன் தருகிறது. இங்கே நாம்தான் நிறுவனத்தை நம்பிக் கடன் தருகிறோம். அதற்கு வட்டியும் கிடையாது. அப்படியானால் அந்தப் பணம் காணாமல் போனால், அட்டை தொலைந்தால், நிறுவனமே முடங்கினால் யார் பொறுப்பு?

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இந்த அட்டைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பலர் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு பெயரைப் பதிவு செய்தவரோடும் உடனே புகார் சொல்லத் தெரிந்தவரோடும்தான் நிற்கிறது. பெயர் கேட்காமல் கவுண்டரில் கொடுக்கும் கார்டை வைத்திருப்பவருக்கு அது போய்ச் சேருவதில்லை. இருநூறு ரூபாய் போனால் அந்த வாரச் செலவே தடுமாறும் மக்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். இது சரியல்ல என்பதே என் வாதம்.

முன்பணம் கட்டும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தீபாவளிச் சீட்டு கட்டாத தெரு நம் ஊர்களில் உண்டா? மாதம் ஐந்நூறோ ஆயிரமோ கட்டி, ஐப்பசியில் இனிப்பும் பட்டாசும் வெள்ளிக்காசும் வாங்கிக்கொள்ளலாம் என்று அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டே போவார்கள். ஒழுங்காகக் கொடுத்தவர்களும் உண்டு. பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடையைப் பூட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. நகைச்சீட்டிலும் இதே கதை நடந்தது. கட்டியவர்களின் பணம் தனியாக இல்லாமல் கடைக்காரரின் சொந்தப் பணத்தோடு கலந்து கிடந்ததுதான் அத்தனைக்கும் வேர். கடை விழுந்தபோது கட்டியவர்களின் பணமும் சேர்ந்தே விழுந்தது. முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாடு 1997இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்ததும், நாடு முழுவதற்கும் 2019இல் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் வந்ததும் இப்படிப் பணத்தைப் பறிகொடுத்தவர்களின் கண்ணீரால்தான்.

ப்ரீபெய்டு கார்டு விஷயத்தில் சட்டம் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் வந்தது. 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் கீழ் இவை ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. வங்கி அல்லாத நிறுவனம் வாலட்டோ கார்டோ கொடுக்க வேண்டுமானால் ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். மக்கள் போடும் பணத்தை அது தன் கைச்செலவுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு ஷெட்யூல்டு வணிக வங்கியில் எஸ்க்ரோ கணக்கு என்ற தனிக் கணக்கில் அதை வைத்திருக்க வேண்டும். கடைக்காரருக்குக் கொடுப்பது, வாடிக்கையாளருக்குத் திருப்புவது என்று விதியில் சொன்ன வேலைகளுக்கு மட்டுமே அதிலிருந்து பணம் போகலாம். 2015இல் அந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 23ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிறுவனம் திவாலானால் அந்த எஸ்க்ரோ கணக்கிலுள்ள பணத்தின் மீது முதல் உரிமை அந்தப் பணத்துக்கு உரியவர்களுக்குத்தான். நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் அதற்குப் பிறகுதான் வர முடியும். தீபாவளிச் சீட்டு கட்டியவர்களுக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

இதில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வங்கியில் நம் பெயரில் இருக்கும் பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. வங்கி அல்லாத நிறுவனத்தின் வாலட்டில் இருக்கும் பணத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. ஆகவே வாலட்டைச் சேமிப்புக் கணக்காக நினைக்கக் கூடாது. அந்த மாதச் செலவுக்கு வேண்டியதைப் போடுங்கள். அதற்கு மேல் போட எந்தக் காரணமும் இல்லை, கேஷ்பேக் கொடுத்தாலும் சரி.

ஒரு பெரிய நிறுவனம் முடங்கினால் என்ன நடக்கும் என்பதை நாம் 2024இல் நேரில் பார்த்தோம். அந்த ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தது. பிப்ரவரி 29க்குப் பிறகு புதிதாகப் பணம் வாங்கக் கூடாது, வாலட், ஃபாஸ்டேக், போக்குவரத்து அட்டை எதிலும் டாப்-அப் செய்யக் கூடாது என்று உத்தரவு. பிறகு அந்தக் கெடு மார்ச் 15 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த வாரங்களில் டோல்கேட்டுகளில் ஒரே பதற்றம். கண்ணாடியிலிருந்து ஸ்டிக்கரைக் கிழிக்கலாமா, உள்ளே இருக்கும் பணம் போய்விடுமா என்று வாடகைக் கார் ஓட்டுநர்கள் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார்கள்.

உண்மையில் உத்தரவிலேயே ஒரு வரி இருந்தது. ஏற்கெனவே இருக்கும் இருப்பை வாடிக்கையாளர் தடையில்லாமல் பயன்படுத்தலாம், எடுத்துக்கொள்ளலாம் என்ற வரி. மக்களின் பணம் பாதுகாப்பாக இருந்தது. ஆனால் பழைய ஃபாஸ்டேக்கில் இருந்த பணத்தைப் புது வங்கியின் ஃபாஸ்டேக்குக்கு நேராக மாற்ற வழியில்லை. பழையதை மூடச் சொல்லி, பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கி, புதிதாக ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. படித்தவருக்கு அரைமணி நேர வேலை. ஆப் திறக்கத் தெரியாத லாரி ஓட்டுநருக்கோ யாரையாவது பிடித்து, போனைக் கையில் கொடுத்து, ஓடிபியைச் சொல்லிச் செய்ய வேண்டிய காரியம். பணத்துக்குப் பாதுகாப்பு இருந்தது. அதைக் கையில் வாங்கும் வழிதான் அவருக்கு இல்லை. எனக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

இனி, திருட்டு. யாரோ நம் வாலட்டிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்கள் என்றால் நஷ்டம் யாருடையது? வங்கிகளுக்கு 2017 ஜூலையில் விதி வந்தது. வங்கி அல்லாத நிறுவனங்களின் ப்ரீபெய்டு கார்டுகளுக்கும் வாலட்டுகளுக்கும் 2019 ஜனவரி 4ஆம் தேதி ரிசர்வ் வங்கி தனிச் சுற்றறிக்கை வெளியிட்டது. நுகர்வோர் இயக்கத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய சுற்றறிக்கை அது.

தவறு நிறுவனத்தின் பக்கம் என்றால் நமக்கு ஒரு பைசா நஷ்டமும் வரக் கூடாது. நாம் புகார் சொன்னோமா இல்லையா என்பதுகூட அங்கே கேள்வி இல்லை. தவறு நம்முடையதும் இல்லை, நிறுவனத்துடையதும் இல்லை, வெளியாள் எங்கோ புகுந்துவிட்டான் என்றால் நாள் கணக்கு ஆரம்பிக்கிறது. பணம் போன செய்தி நமக்கு வந்த நாளை விட்டுவிட்டு, மூன்று நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. நான்கு முதல் ஏழு நாளுக்குள் சொன்னால், போன தொகை அல்லது 10,000 ரூபாய், இதில் எது குறைவோ அது நம் தலையில். ஏழு நாள் தாண்டினால் அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படி. நாமே ஓடிபியையோ பின் நம்பரையோ பிறரிடம் சொல்லியிருந்தால், புகார் சொல்லும் வரை போனதெல்லாம் நம்முடையது. புகார் சொன்ன பிறகு போவது நிறுவனத்துடையது. வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பும் நிறுவனத்துக்கே. புகார் சொன்ன பத்து நாளுக்குள் தொகையை நம் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஓர் உதாரணத்தில் பொருத்திப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வாலட்டில் 8,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இரவு 6,000 ரூபாய் போனதாக எஸ்எம்எஸ் வருகிறது. அவர் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் வரும் எஸ்எம்எஸ்களில் பாதி விளம்பரம் என்பதால் பார்ப்பதை விட்டுவிட்டவர். ஊரிலிருந்து மகன் வந்து புதன்கிழமை பார்த்துப் புகார் கொடுக்கிறான். ஐந்தாம் நாள். விதிப்படி அவர் தலையில் விழுவது போன தொகை அல்லது 10,000, இதில் குறைவானது. அதாவது 6,000 ரூபாய் முழுவதும். விதியால் அவருக்கு ஒரு ரூபாய் லாபமும் இல்லை.

இது அவருக்கு மட்டும் வந்த துரதிர்ஷ்டம் அல்ல. முழு கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) செய்யாமல், அடிப்படை விவரங்களை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுக்கும் சிறிய வாலட்டில் எந்த நேரத்திலும் 10,000 ரூபாய்க்கு மேல் இருக்கவே முடியாது. 2021 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கியின் வழிகாட்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. மொத்தமே 10,000 பிடிக்கும் பையில் 10,000 வரை உன் நஷ்டம் என்றால், நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை அந்தப் பைக்காரருக்குப் பாதுகாப்பே இல்லை என்றுதான் பொருள். முழு கேஒய்சி செய்து 2 லட்சம் ரூபாய் வரை வைத்திருப்பவருக்கு அதே விதி பெரிய கவசம். வங்கிகளுக்கான 2017 விதியில் ஏழைகளுக்கான அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு இந்த வரம்பை 5,000 ரூபாய் என்று குறைத்து வைத்தார்கள். சிறிய கணக்குக்குச் சிறிய வரம்பு என்ற அந்த நியாயம் சிறிய வாலட்டுக்கு ஏன் வரவில்லை?

இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. நான் இன்று அதிக நேரம் எடுத்துக்கொள்ளப்போவது இங்கேதான்.

சிங்காரச் சென்னை அட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டை என்று 2019 மார்ச்சில் தொடங்கிய திட்டத்தின் சென்னை வடிவம் அது. 2023 ஏப்ரலில் மெட்ரோ ரயிலுக்கு வந்தது. 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துகளிலும் ஏற்க ஆரம்பித்தார்கள். மெட்ரோ ரயில் நிறுவனத்தின் பழைய பயண அட்டையும் இதற்கு வழிவிட்டு வருகிறது. இது நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சில்லறைக்குக் கண்டக்டரோடு சண்டை போட வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், ஒரே கார்டில் ரயிலும் பஸ்ஸும்.

இந்த வகை அட்டையின் சிப்புக்குள்ளேயே ஓர் இருப்பு எழுதப்பட்டிருக்கும். வாசலில் கார்டைத் தட்டியதும் இயந்திரம் வங்கியைக் கேட்காது. சிப்பில் இருக்கும் தொகையிலிருந்து கழித்துக்கொண்டு கதவைத் திறக்கும். அதனால்தான் கண்சிமிட்டும் நேரத்தில் வேலை முடிகிறது. ஆனால் போனில் ரீசார்ஜ் செய்தால் அந்தப் பணம் சிப்புக்குத் தானாக வந்துவிடாது. நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் ஒருமுறை கார்டை வைத்து ஏற்ற வேண்டும்.

அண்மையில் ஒரு மெட்ரோ நிலையத்தில் வீட்டுவேலைக்குப் போகும் பெண்மணி ஒருவர் வாசலில் திணறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். “தம்பி, என் பொண்ணு காலையிலதான் நூறு ரூபா போட்டா. பணம் போயிடுச்சுன்னு மெசேஜ்கூட வந்துச்சு. கதவு தொறக்க மாட்டேங்குது” என்றார். “அக்கா, அந்த மெஷின்ல ஒரு தடவை வெச்சு எடுங்க, ஏறிடும்” என்றார் அங்கிருந்த ஊழியர். ஏறியது. அவர் முகத்தில் நிம்மதி வந்தது. வேலைக்குத் தாமதமான கவலையும் அதோடு இருந்தது. நான் அவரிடம் கார்டை வாங்கிப் பின்பக்கம் பார்த்தேன். எழுத்து எறும்பு அளவு. அவருடைய பெயர் அதில் எங்கும் இல்லை. “இது தொலைஞ்சா என்னம்மா செய்வீங்க?” என்று கேட்டேன். “தொலைஞ்சா தொலைஞ்சதுதான். வேற என்ன?” என்றார்.

அவர் சொன்னது விதியின்படியும் சரி. போக்குவரத்துக்கென்றே கொடுக்கும் இந்த வகை அட்டையைக் கேஒய்சி இல்லாமல் கொடுக்க ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் வழி செய்தது. எந்த நேரத்திலும் 3,000 ரூபாய்க்கு மேல் இருப்பு கூடாது. காலாவதி கிடையாது, அது நல்லது. ஆனால் பணமாக எடுக்க முடியாது, வேறு கணக்குக்கு அனுப்ப முடியாது, திரும்பப் பெறவும் முடியாது. பின் நம்பரும் ஓடிபியும் இல்லை என்பதால் யார் கையில் கிடைத்தாலும் அவர் தட்டிக்கொண்டு போகலாம். இதற்கு மேல், நான் சற்றுமுன் பாராட்டிய 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை போக்குவரத்து அட்டைகளைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. கொடுத்த நிறுவனத்தின் மோசடியோ அலட்சியமோ குறைபாடோ இருந்தால் ஒழிய, மூன்று நாள், ஏழு நாள் என்ற எந்தக் கணக்கும் அந்தப் பெண்மணிக்குக் கிடையாது.

இதை நான் வெறும் குறையாகச் சொல்லவில்லை. பெயர் கேட்காமல் கார்டு கொடுப்பதில் பெரிய நன்மை உண்டு. ஆதாரைக் கொண்டு வா, படிவத்தை நிரப்பு என்றால் பாதிப்பேர் வாங்கவே மாட்டார்கள். புலம்பெயர்ந்து வந்த தொழிலாளிக்கு உள்ளூர் முகவரியும் இருக்காது. பெயரில்லாத அட்டைக்குப் பாதுகாப்பு இல்லை என்ற இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததுமல்ல.

இப்படி நிரப்பிப் பயன்படுத்தும் அட்டையை நம்பி வாழ்ந்தவர்கள் அமெரிக்காவில் ஏராளம். வங்கிக் கணக்கு இல்லாதவர்கள், மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் வங்கியைவிட்டு விலகியவர்கள், சம்பளத்தையே அட்டையில் வாங்குபவர்கள். 2015 அக்டோபரில் ரஷ்கார்டு என்ற அட்டையை நடத்திய யூனிரஷ் நிறுவனம் தன் கணினி முறையை மாஸ்டர்கார்டின் பரிவர்த்தனைச் செயலாக்க அமைப்புக்கு மாற்றியது. மாற்றம் சொதப்பிவிட்டது. பல்லாயிரம் பேருக்குத் தங்கள் பணத்தை எடுக்க முடியவில்லை. வாடகை கொடுக்க முடியவில்லை, சாப்பாடு வாங்க முடியவில்லை. சம்பளம் வந்திருக்கிறது, ஆனால் தொட முடியவில்லை. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியம் என்ற அந்நாட்டு அரசு அமைப்பு 2017இல் யூனிரஷ், மாஸ்டர்கார்டு இரண்டும் சேர்ந்து 1 கோடி டாலரைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தரவும், 30 லட்சம் டாலர் அபராதம் கட்டவும் உத்தரவிட்டது.

அதே வாரியம் 2016இல் வகுத்த ப்ரீபெய்டு விதி 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டணங்களை எல்லோருக்கும் புரியும்படி ஒரே மாதிரிச் சிறு அட்டவணையில், வாங்கும் முன்பே காட்ட வேண்டும். அட்டை தொலைந்ததைத் தெரிந்துகொண்டு இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளரின் நஷ்டம் 50 டாலரைத் தாண்டாது. ஆனால் 2018இல் செய்த திருத்தத்தில் ஒரு வாசலை மூடினார்கள். அடையாளம் சரிபார்க்கப்படாத அட்டைக்குத் தவறு திருத்தும் கடமையும் நஷ்ட வரம்பும் கட்டாயமில்லை என்றார்கள். பெயரில்லாதவர் அங்கும் வெளியேதான்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. லண்டனின் ஆய்ஸ்டர் அட்டையிலும் நம் அட்டை போலவே இருப்பு அட்டைக்குள் எழுதப்படுகிறது. பெயர் சொல்லாமலும் வாங்கலாம். விரும்பினால் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தவர் அட்டை தொலைந்ததென்று சொன்னால் பழைய அட்டையை முடக்கி, மீதிப் பணத்தைப் புது அட்டைக்கு மாற்றித் தருகிறார்கள். ஹாங்காங்கின் ஆக்டோபஸ் அட்டையிலும் பெயர் பதிந்த வகைக்குத் தொலைந்தால் முடக்கும் வசதி உண்டு. சிப்பில் இருக்கும் பணத்தை யாரும் மீட்க முடியாது என்று நம்மிடம் சொல்லப்படும் காரணம் முழு உண்மை அல்ல. ஒவ்வொரு தட்டலின் கணக்கும் பின்னால் உள்ள கணினிக்கு எப்படியும் போய்ச் சேர்கிறது, சேராவிட்டால் மெட்ரோவுக்குப் பணம் வராது. முடக்கிய அட்டைகளின் பட்டியலை வாசல் இயந்திரங்களுக்கு அனுப்ப முடியும். சில நாள் காத்திருந்து, அதற்குள் வந்த கணக்கைக் கழித்து, மீதியைத் தரலாம். வேண்டியது ஒரு போன் நம்பரும் மனமும்தான்.

ஃபாஸ்டேக் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் அது கட்டாயம். இங்கே நாம் விரும்பி முன்பணம் கட்டவில்லை, கட்ட வைக்கப்படுகிறோம். கட்டாயம் என்றால் பாதுகாப்பு இரட்டிப்பாக வேண்டும். வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதே எங்கோ ஒரு டோல்கேட்டில் பணம் கழிந்ததாக எஸ்எம்எஸ் வரும் அனுபவம் பலருக்கு உண்டு. அப்படி வந்தால் ஃபாஸ்டேக் கொடுத்த வங்கியிலும், நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 எண்ணிலும் புகார் கொடுங்கள். வண்டியை விற்றுவிட்டால் ஸ்டிக்கரைக் கிழித்தால் மட்டும் போதாது, கணக்கை மூடச் சொல்லுங்கள். 2025 பிப்ரவரி 17 முதல், டோல்கேட்டை அடைவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே தடைப்பட்டியலில் விழுந்து, அதைக் கடந்து பத்து நிமிடம் ஆகியும் சரியாகாமல் இருக்கும் ஃபாஸ்டேக்கிலிருந்து பணம் எடுக்கப்படாது. வரிசையில் நின்றுகொண்டே ரீசார்ஜ் செய்துகொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இருப்பு குறைந்தால் வங்கிக் கணக்கிலிருந்து தானாக நிரப்பிக்கொள்ள 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அதில் பணம் எடுப்பதற்கு முந்தைய நாள் முன்னறிவிப்பு தேவையில்லை என்பதையும் தெரிந்துகொண்டு ஒப்புதல் கொடுங்கள்.

ஃபாரெக்ஸ் கார்டு பற்றிச் சுருக்கமாக. அதில் பணம் ஏற்றும் நாளின் மாற்று விகிதம் நமக்கு உறுதியாகிறது. ஆனால் டாலர் ஏற்றிய கார்டை யூரோ நாட்டில் தேய்த்தால் மறுபடி ஒரு மாற்றுக் கட்டணம் விழும். எந்த நாடோ அந்த நாணயத்தையே ஏற்றுங்கள்.

பிரச்சினை வந்தால் எங்கே போவது? முதலில் கார்டு கொடுத்த நிறுவனம். புகாரை 48 மணி நேரத்துக்குள் தீர்க்க முயல வேண்டும், 30 நாளைத் தாண்டக் கூடாது என்பது அவர்களுக்கான விதி. புகார் எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மன்) போகலாம். 2021 நவம்பரில் தொடங்கிய திட்டம் அது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஒரே நிறுவனத்தின் வாலட்டிலிருந்து வாலட்டுக்கு அனுப்பிய பணம் போய்ச் சேராமல் நின்றால், மறுநாளுக்குள் திரும்பி வர வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு நாம் கேட்காமலே தர வேண்டும் என்று 2019 செப்டம்பர் சுற்றறிக்கை சொல்கிறது. மோசடி என்றால் 1930க்கு உடனே அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்தே இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

“உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது, வாலட் பிளாக் ஆகப்போகிறது” என்று வரும் அழைப்பில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். ஓடிபியைச் சொன்ன நொடியில் 2019 விதி உங்களைக் கைவிட்டுவிடும் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் அவமானப்பட்டு மறைக்க வேண்டாம், அந்த நிமிடமே சொல்லுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்ன பிறகு போகும் பணம் நிறுவனத்தின் பொறுப்பு. மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரர்களின் கைப்பணம்.

என் கோரிக்கைகள் மூன்று. சிறிய வாலட்டுகளுக்கு நான்காம் நாள் முதலான நஷ்ட வரம்பை 10,000 ரூபாயிலிருந்து நியாயமான அளவுக்குக் குறைக்க வேண்டும். போக்குவரத்து அட்டை வாங்கும்போது, விரும்புபவர் ஒரு போன் நம்பரைப் பதிந்துகொண்டால், தொலைந்த அட்டையை முடக்கி மீதியைத் தரும் ஏற்பாடு வேண்டும். மூன்றாவது, மொழி. முக்கிய நிபந்தனைகளைத் தெளிவான எளிய மொழியில், ஆங்கிலம், இந்தி, உள்ளூர் மொழியில் முடிந்தவரை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதியே சொல்கிறது. அந்த ‘முடிந்தவரை’ போக வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் கார்டோடு தமிழில் ஒரு தாள் வர வேண்டும், படிக்கிற அளவு எழுத்தில்.

ரிசர்வ் வங்கி விதிகளைத் திருத்தும்போது வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. மெட்ரோ நிலையத்தில் நான் பார்த்த பெண்மணி அதற்கு எழுதப்போவதில்லை. எழுதத் தெரிந்த நீங்கள் எழுத வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் சட்ட மாணவர்களையும் பொருளியல் மாணவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த வரைவு வரும்போது, உங்கள் ஊர் பஸ்ஸிலும் ரயிலிலும் கார்டு தட்டுபவர்களிடம் நாலு வார்த்தை பேசி, அவர்கள் சொன்னதையும் சேர்த்து, தமிழ்நாட்டிலிருந்து ஒரு நூறு கடிதமாவது போகச் செய்யுங்கள்.